கிராமக் காவலும் கூட்டு நிதியும்

சுந்தரபாண்டியபுரத்தில் சூரியகாந்தி பூக்கும் பருவத்தில் அதைக் காணவும் படம் பிடிக்கவும் வெளியூர் மக்கள் வந்து குவிகின்றனர். வயலுக்குடையவர்க்கோ மலரைவிடக் கிணற்று மோட்டாரின் செம்புக் கம்பியைப் பற்றிய கவலையே பெரிது. நெசவாளர்க்கு நூற்கட்டும் பாவும் அவ்வாறே. ஊரார் பணம் திரட்டிக் காவல் வைக்கலாமா, அதனைச் சங்கமே ஏற்று நடத்தலாமா என்று அங்கத்தினர் நம்மிடம் வினவுவதுண்டு. இவ்வினா நம் சீமைக்குப் புதிதன்று. ஆதலின் முன்னோர் கண்ட பலனை முதலில் ஆராய்வோம்.

பாளையக்காரர் காலத்தில் திருநெல்வேலிச் சீமையில் தேசகாவல், தலக்காவல் என இருவகைக் காவல் இருந்தன. முன்னது ஒரு வட்டாரம் முழுவதற்கும், பின்னது ஓர் ஊருக்கும் உரியது. தென்காசியைச் சுற்றிலும் சொக்கம்பட்டி, ஊத்துமலை, சிவகிரி ஆகிய பாளையங்கள் இருந்தன. குடிகள் அறுவடையில் ஒரு பங்கைக் காவற்காரருக்கு அளந்தனர். பொருள் களவு போனால் அதைக் கண்டுபிடித்துக் கொடுப்பதோ, ஈடு செய்வதோ காவற்காரரின் கடமை. இந்த ஈட்டுப் பொறுப்புத்தான் அம்முறையின் உயிர்நாடி என்பது நம் கருத்து. கும்பினியார் பாளையங்களை ஒடுக்கித் தேசகாவலைப் பறித்தனர். 1859-ல் சென்னை மாகாணப் போலீஸ் சட்டமும் வந்தது. காவலையே நம்பியிருந்த குடும்பங்களுக்கு மாற்றுப் பிழைப்பு எதுவும் வகுக்கப்படவில்லை. நாளடைவில் பல ஊர்களில் காவற்கூலி கொடாதவன் மாடு காணாமற்போவதும், துப்புக் கூலி கொடுத்தால் அது திரும்பி வருவதும் வழக்கமாயின.

இதனை எதிர்த்து 1896-ல் திண்டுக்கல் பகுதியில் ஓர் இயக்கம் கிளம்பிற்று. குடிகள் ஒன்றுகூடிப் பொது நிதி ஒன்றை ஏற்படுத்தினர்; அதைப் 'பண்டு' என்றே வழங்கினர். கள்ளர் சமூகத்தாரைக் காவலுக்கு வைப்பதில்லை என்று சபதம் செய்தனர்; மாடு இழந்தவனுக்கு நிதியிலிருந்து ஈடு தருவதென்றும் முடிவாயிற்று. கூட்டுறவு நாணயச் சங்கச் சட்டம் பிறந்தது 1904-ல். அதற்கு எட்டாண்டு முன்பே, எந்த இன்ஸ்பெக்டரும் சென்று போதிக்காமல், எளிய குடியானவர்கள் நட்டத்தைப் பகிர்ந்துகொள்ளும் நிதியைத் தாமே கண்டனர் என்பதை எண்ணுகையில் நமக்கு வியப்பே உண்டாகிறது. ஆயினும் அந்நிதி களவை எதிர்த்ததோடு நிற்கவில்லை. ஒரு சாதியையே எதிர்த்தது. வீடுகள் தீக்கிரையாயின, களவறியாத குடும்பங்களும் ஊரைவிட்டு ஓடின. காவற்காரனை வெளியேற்றியவர்கள், அவன் நாளை எதை உண்பான் என்று கேட்கவில்லை.

அக்கேள்விக்கு அரசாங்கம் அளித்த விடை இன்னும் கொடியது. குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கீழ்ப் பிறமலைக் கள்ளர் முழுச் சமூகமாகப் பதிவு செய்யப்பட்டனர். கைரேகைப் பதிவை எதிர்த்த பெருங்காமநல்லூர் மக்கள்மீது 1920 ஏப்ரல் 3-ஆம் நாள் நடந்த துப்பாக்கிச் சூட்டில் பதினைந்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். அதன் பின்னர் சீர்திருத்தத் திட்டம் என்ற பெயரில் பள்ளிகளும், ஊர்ப் பஞ்சாயத்துகளும், கூட்டுறவுச் சங்கங்களும் அமைக்கப்பட்டன. கைரேகை வாங்கிய கையே பங்குத் தொகையும் வாங்கிய அந்தச் சங்கங்களை முழுக் கூட்டுறவென்று கூற நம் மனம் ஒப்பவில்லை. விரும்பிச் சேர்வதன்றோ கூட்டுறவு! பள்ளிகளின் கதை வேறு. 1947-ல் சென்னை மாகாணத்தில் சட்டம் நீங்கிய பின்னரும் அவை நிலைத்தன. கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் என்ற பெயரால் தலைமுறைகளைப் படிக்கவைத்தன.

நம் காலத்து முயற்சியும் ஒன்று உண்டு. 1993-ல் இராமநாதபுரம் மாவட்டத்தில், அப்போதைய போலீஸ் சூப்பரின்டெண்டு பிரதீப் பிலிப் 'காவல்துறை நண்பர்கள்' இயக்கத்தைத் தொடங்கினார். பொதுமக்கள் தொண்டர்களாக இரவு ரோந்துக்கும் தகவலுக்கும் உதவினர். மாநிலமெங்கும் அது பரவிற்று. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனுமான இரு வணிகர் காவலில் இறந்தபோது, அத்தொண்டர்கள்மீதும் குற்றச்சாட்டு எழுந்தது. அடுத்த மாதமே அரசு அவ்வியக்கத்தைத் தடை செய்தது. தொண்டர் எவருக்குக் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டவர் என்பது தெளிவாயிராத இடத்தில் நல்ல நோக்கம் மட்டும் போதாது.

இனி, அங்கத்தினர் வினாவுக்கு வருவோம். காவல் நிதி வைக்கலாம். ஆனால் துணைவிதி இடம் தராத செலவைச் சங்கப் பணத்திலிருந்து செய்தால் தணிக்கையில் தடையாகும். நிர்வாகிகள் கைப்பணம் கட்ட நேரிடும். ஆதலால் வயலும் தறியும் உடையோர் தனியே சந்தா செலுத்தி, ரசீது பெற்று, தனிக் கணக்காக நடத்துவதே முறை. காவலாளியை ஊர்க் கூட்டத்தில் எல்லாத் தெருவினரும் அறியத் தேர்க. "இன்ன தெருவார் வேண்டாம்" என்ற பேச்சு எழுந்தால் 1896-ஐ நினைவுகூர்க. கூலியை மாதந்தோறும் தவறாது கொடுக்க. கூலி நிலுவையுள்ள காவலாளி பழைய காவற்காரரின் நிலைக்கே தள்ளப்படுகிறான். நிதியில் ஒரு பகுதியைக் களவு கொடுத்தவருக்குச் சிறு ஈடாக ஒதுக்குதல் மிக நன்று. எல்லார் கைப்பணமும் அதில் இருந்தால் எல்லார் கண்ணும் விழித்திருக்கும்.

காவலாளி எவரையும் அடிக்கலாகாது. கட்டி வைத்து விசாரித்தலும் குற்றமே. 2023-ஆம் ஆண்டின் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, 40-ஆம் பிரிவின்படி, பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்கதும் ஜாமீனில் விடத்தகாததுமான குற்றத்தைத் தம் கண்முன் செய்தவரைத் தனி மனிதர் பிடிக்கலாம். ஆனால் ஆறு மணி நேரத்திற்குள் போலீசாரிடம் ஒப்படைத்தாக வேண்டும். சந்தேகத்தின்பேரில் பிடிக்க இப்பிரிவு இடந்தரவில்லை. இவ்விதியைத் தமிழில் எழுதி, காவலாளிக்கு வாசித்துக் காட்டிக் கையொப்பம் பெற்று, சந்தாப் புத்தகத்தின் முதல் ஏட்டில் ஒட்டி வைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.