நீரிழிவு நோயும் நம் இரத்தக் குழாய்களும்

(பத்தாம் வகுப்பு மாணவி)

நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம் என்பர் நம் முன்னோர். அச்செல்வத்தை ஓசையின்றிக் கொள்ளையிடும் நோய்களுள் ஒன்று நீரிழிவு. நம் வீடுகளில் 'சர்க்கரை வியாதி' என்று வழங்குவது இதனையே. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு நடந்து 2023ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று, நம் நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோர் இந்நோயுடன் வாழ்கின்றனர் என்று கணக்கிட்டது. ஆகவே இம்மலரைப் படிக்கும் தோழியர் பலருடைய இல்லங்களிலும் தாத்தாவோ பாட்டியோ, தந்தையோ தாயோ இந்நோய்க்கு மாத்திரை உட்கொள்பவராக இருப்பர்.

'சர்க்கரை எவ்வளவு இருக்கிறது?' என்றே நாம் அனைவரும் கேட்கிறோம். அந்தச் சர்க்கரை ஓடுகின்ற குழாய்கள் எந்நிலையில் இருக்கின்றன என்று கேட்பவர் சிலரே. நீரிழிவினால் நேரும் பார்வைக் குறைவு, சிறுநீரகக் கோளாறு, மாரடைப்பு, பக்கவாதம், ஆறாத காற்புண் ஆகிய துன்பங்கள் பெரும்பாலும் இரத்தக் குழாய்களின் சீர்கேட்டிலிருந்தே பிறக்கின்றன. அச்சீர்கேடு எவ்வாறு தொடங்குகிறது என்பதைக் காண்போம்.

குழாயின் உட்சுவர்

தமனி, சிரை, தந்துகி என இரத்தக் குழாய்கள் மூவகைப்படும் என்று பாடத்தில் படித்திருக்கிறோம். இம்மூன்றின் உட்புறத்தையும் ஒரே அடுக்கு உயிரணுக்களால் ஆன மெல்லிய படலம் ஒன்று மூடியிருக்கிறது. இது வெறும் உறை என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தனர். 1980ஆம் ஆண்டில் இராபர்ட் ஃபர்ச்காட் என்னும் அமெரிக்க அறிவியலார் முயலின் தமனித் துண்டுகளை வைத்துச் சோதனை செய்தார். அசிட்டைல் கோலின் என்னும் பொருளை இட்டபோது, உட்படலம் சிதையாத குழாய் தளர்ந்து கொடுத்தது; படலம் உரிந்துபோன குழாய் தளரவில்லை. தளரச் செய்யும் அப்பொருள், படலம் சுரக்கும் நைட்ரிக் ஆக்சைடு என்னும் வாயுவே என்பது பின்னர் தெளிவாயிற்று. இதற்காக 1998ஆம் ஆண்டில் அவருக்கும் வேறு இருவருக்கும் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

எண்ணெய் தடவிய இட்லித் தட்டில் மாவு ஒட்டாததுபோல, நலமான உட்படலத்தில் இரத்த அணுக்கள் ஒட்டுவதில்லை. ஆனால் இரத்தத்தில் சர்க்கரை நாள்தோறும் மிகுந்திருந்தால் அது புரதங்களோடு சேர்ந்து அவற்றின் இயல்பை மாற்றுகிறது. அத்தகைய புரதங்கள் உட்படலத்தைத் தொடர்ந்து உறுத்துகின்றன. நைட்ரிக் ஆக்சைடு குறைகிறது. வழுவழுப்பான சுவர் ஒட்டும் தன்மை அடைகிறது. வெள்ளை அணுக்கள் அதில் ஒட்டி உள்ளே நுழைகின்றன. அங்கே அவை கொழுப்பை விழுங்கிப் பருத்துத் தங்கிவிடுகின்றன. தமனியின் சுவரில் படிவு உண்டாகும் வழி இதுவே. ஒரு நாள் அப்படிவு வெடித்து, அதன்மேல் இரத்தம் உறைந்தால், இதயத்தில் மாரடைப்பும் மூளையில் பக்கவாதமும் நேர்கின்றன.

அழற்சி என்பது யாது?

முள் குத்திய விரல் சிவந்து வீங்குவதை நாம் அறிவோம். சிவத்தல், வீங்குதல், சுடுதல், வலித்தல் ஆகிய நான்கும் அழற்சியின் அடையாளங்கள் என்று ஏறக்குறைய 2000 ஆண்டுகளுக்கு முன்பே உரோமாபுரியைச் சேர்ந்த செல்சஸ் என்பவர் எழுதி வைத்தார். அழற்சி நமக்குப் பகையன்று. கிருமிகளை எதிர்க்கவும் காயத்தை ஆற்றவும் உடல் மேற்கொள்ளும் முயற்சியே அது. வேலை முடிந்ததும் அது அடங்கிவிட வேண்டும்.

நீரிழிவு உடையோரின் குழாய்ச் சுவரில் நிகழும் அழற்சியோ அடங்குவதில்லை. அது சிவப்பதும் கண்ணுக்குத் தெரியாது, வலிப்பதும் இல்லை. சாம்பல் மூடிய அடுப்பின் தணல்போல ஆண்டுக்கணக்கில் கனன்றுகொண்டே இருக்கிறது. வயிற்றுப் பகுதியில் சேரும் கொழுப்பும் இதற்குத் துணைபோகிறது. அக்கொழுப்பிலிருந்து அழற்சியைத் தூண்டும் பொருள்கள் இரத்தத்தில் கலந்தவண்ணம் உள்ளன.

இரத்தம் காட்டும் அடையாளம்

உள்ளே தணல் இருப்பதை வெளியே புகை காட்டுவதுபோல, அழற்சியைக் காட்டும் புரதம் ஒன்று இரத்தத்தில் உண்டு. 1930ஆம் ஆண்டில் நியூயார்க் நகரின் இராக்கஃபெல்லர் ஆய்வகத்தில் டில்லெட், ஃபிரான்சிஸ் என்னும் இருவர் நிமோனியா நோயாளிகளின் இரத்தத்தில் இதனைக் கண்டனர். 'சி-ரியாக்டிவ் புரோட்டீன்' என்பது இதன் பெயர், சுருக்கமாகச் சி.ஆர்.பி. என்பர். உடலில் எங்கேனும் அழற்சி உண்டானால் கல்லீரல் இதனை மிகுதியாகச் சுரக்கிறது.

நுட்பமான முறையில் இதனை அளக்கும்போது, ஒரு லிட்டர் இரத்த நீரில் 1 மில்லிகிராமுக்குக் குறைவாக இருப்பின் இதய நோய்க்கான அபாயம் குறைவு. 1 முதல் 3 வரை நடுத்தரம். 3க்கு மேற்பட்டால் மிகுதி என்று மருத்துவர் கொள்வர். 10க்கு மேற்பட்டால் பெரும்பாலும் வேறு நோய்த்தொற்று இருக்கக்கூடும் என்று கருதி, அது நீங்கியபின் மறுபடியும் சோதிப்பர். புகை கிளம்புவது எந்த வீட்டு அடுப்பிலிருந்து என்று தொலைவில் நிற்பவர் அறிய முடியாதல்லவா? அதுபோலவே சி.ஆர்.பி.யும் அழற்சி உண்டு என்று சொல்லுமே தவிர, அது எங்கே என்று சொல்லாது. காய்ச்சலும் ஈறுகளில் சீழும்கூட இதனை உயர்த்தும். ஆகவே இந்த ஓர் எண்ணைக் கண்டு அஞ்சுவதும் தவறு; இதனை மட்டும் நம்பி இருப்பதும் தவறு. இச்சோதனை யாருக்குத் தேவை என்பதை மருத்துவரே முடிவு செய்வார்.

சென்னையில் நடந்த 'நகர்ப்புற, கிராமப்புற நோய் ஆய்வு' என்னும் பெரிய ஆய்வின் ஒரு பகுதி 2005ஆம் ஆண்டில் வெளியாயிற்று. நீரிழிவு உடையோரிடமும் இதய நோய் உடையோரிடமும் சி.ஆர்.பி. மிகுந்திருப்பதையும், உடற்கொழுப்புக்கும் அதற்கும் தொடர்பு இருப்பதையும் அது காட்டியது. எனவே இது நம் ஊர் மக்களிடமும் கண்டறியப்பட்ட உண்மையாகும்.

வலிக்காத புண்

பெரிய தமனிகளைப் போலவே நுண்ணிய குழாய்களும் கெடுகின்றன. விழித்திரையில் கெட்டால் பார்வை மங்கும். சிறுநீரகத்தில் கெட்டால் அல்புமின் என்னும் புரதம் சிறுநீரில் கசியும். நரம்புகளை ஊட்டும் குழாய்கள் கெட்டால் பாதம் மரத்துப்போகும்.

எங்கள் பாட்டியின் இரப்பர்ச் செருப்பில் ஒரு சிறிய ஆணி ஏறியிருந்தது. இரண்டு நாள் அதனோடு நடந்தும் அவர்களுக்குத் தெரியவில்லை. தரையைத் துடைத்த என் தாயார் இரத்தக் கறையைக் கண்ட பிறகே பாதத்தில் புண் இருப்பது தெரிந்தது. அந்தச் சிறு புண் ஆற இரண்டு மாதங்களுக்கு மேல் ஆயிற்று. 'வலிக்கவே இல்லையே, அம்மா' என்று பாட்டி திரும்பத் திரும்பச் சொன்னார்கள். வலி என்பது உடல் நமக்கு அனுப்பும் தந்தி என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. தந்தி வராத வீட்டில் நாமே போய்ப் பார்த்து வரவேண்டும்.

ஆராய்ச்சிகள் தரும் நம்பிக்கை

இவற்றைப் படித்து மனம் தளர வேண்டியதில்லை. அமெரிக்காவிலும் கனடாவிலும் 1983ஆம் ஆண்டு தொடங்கிய ஓர் ஆய்வில், இன்சுலின் ஊசியை நம்பி வாழும் 1441 பேர் பங்கு பெற்றனர். அவர்கள் 13 முதல் 39 வயது வரை உள்ளவர்கள். நம் வயதுடையோரும் அவர்களுள் இருந்தனர். 1993ஆம் ஆண்டில் முடிவு வெளியாயிற்று. சர்க்கரையை நன்கு கட்டுப்படுத்தியவர்களிடம், அதுவரை விழித்திரை கெடாதிருந்தோருக்கு அந்நோய் வரும் அபாயம் 76 விழுக்காடு குறைந்தது. நரம்பு நோயும் 60 விழுக்காடு குறைந்தது.

அழற்சியை மட்டும் அடக்கினால் பயன் உண்டா என்று 2017ஆம் ஆண்டில் வெளியான மற்றோர் ஆய்வு சோதித்தது. முன்னரே மாரடைப்பு வந்து, சி.ஆர்.பி.யும் உயர்ந்திருந்த 10,000 பேருக்கு மேற்பட்டோர் அதில் பங்கு பெற்றனர். அவர்களுள் பலர் நீரிழிவு உடையோர். கொழுப்பைக் குறைக்காமல் அழற்சியை மட்டும் தணிக்கும் ஊசி மருந்து, மீண்டும் மாரடைப்பு முதலியன வருவதை 15 விழுக்காடு குறைத்தது. ஆயினும் அம்மருந்து பெற்றோரிடையே நோய்த்தொற்றால் இறந்தோர் சற்று மிகுந்தனர். நீரிழிவு புதிதாக வருவதையும் அது தடுக்கவில்லை. அழற்சி உண்மையான காரணம் என்பதும், அதை மருந்தால் மட்டும் அடக்குவது எளிதன்று என்பதும் இதனால் விளங்குகின்றன.

நாம் செய்யக்கூடியவை

சர்க்கரை, இரத்த அழுத்தம், கொழுப்பு ஆகிய மூன்றையும் மருத்துவர் சொல்லும் அளவில் வைத்திருக்க வேண்டும். கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் நிலையை 'ஹெச்பி ஏ1சி' சோதனை காட்டும். கண்ணையும் சிறுநீரையும் பாதத்தையும் ஆண்டுக்கு ஒரு முறையேனும் சோதித்துக்கொள்ள வேண்டும். நாள்தோறும் நடப்பதும், இடுப்பின் சுற்றளவு பெருகாமல் காப்பதும், பீடி, சிகரெட், புகையிலையை அறவே விடுவதும், பல் ஈறுகளைத் தூய்மையாக வைப்பதும் அழற்சியைத் தணிக்க உதவும். உடம்பு நன்றாக இருக்கிறது என்று எண்ணித் தாமாக மாத்திரையை நிறுத்துதல் கூடாது.

அன்புத் தோழியரே! முதியோர் பலரால் குனிந்து தம் உள்ளங்காலைப் பார்க்க இயலாது. பார்த்தாலும் சிறிய கீறல் அவர்கள் கண்ணுக்குத் தெரியாது. நமக்கோ இளமையும் கூரிய பார்வையும் உண்டு. ஒவ்வொரு நாளும் இரவு உணவுக்குப்பின், வீட்டில் நீரிழிவு உடையவரின் இரு பாதங்களையும் விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். விரல் இடுக்குகளையும் விடாதீர்கள். சிவப்போ, கொப்புளமோ, வெடிப்போ கண்டால் அன்றே பெற்றோரிடம் சொல்லி மருத்துவரிடம் அழைத்துச் செல்லச் செய்யுங்கள். ஐந்து நிமிடம் போதும். இதற்குப் பணமும் வேண்டாம், பட்டமும் வேண்டாம். காலையில் அவர்களுடைய செருப்பையும் ஒரு முறை கவிழ்த்துத் தட்டிக் கொடுங்கள்.