ஆண்டு முழுவதும் வீட்டுக் காய்கறி

மழை பெய்யும் காலையில் பால் மரம் வெட்ட இயலாது என்பதை நாம் அனைவரும் அறிவோம். வேலை நாள் குறைகின்றது, வருவாயும் குறைகின்றது. அதே மழை காய்கறிப் பாத்திகளை அழுக வைத்துச் சந்தையில் விலையையும் ஏற்றுகின்றது. 2021-ஆம் ஆண்டின் இறுதியில் நம் நாட்டில் காய்கறி விலை ஏறியதைப் பலரும் மறந்திருக்க மாட்டார்கள். மழை ஓய்ந்ததும் ரப்பர் மரங்கள் இலையுதிர்க்கும் காலம் வருகின்றது. அப்போது பாலும் சுருங்கி விடுகின்றது. ஆகவே, கையில் காசு குறைந்த மாதங்களில்தான் காய்கறிக்கு அதிகம் செலவிட நேர்கின்றது.

இதற்குரிய பரிகாரம் வீட்டின் பின்புறத்திலேயே உள்ளது. 1974-ஆம் ஆண்டில் துன் அப்துல் ரசாக் தொடங்கிய பசுமைப் புத்தகத் திட்டம், வெற்று நிலங்களில் உணவுப் பயிர் செய்யுமாறு மக்களைத் தூண்டியது. எனினும், எல்லா விதைகளையும் ஒரே நாளில் தூவுவது நம்மிற் பலர் செய்யும் பிழையாகும். அதனால் ஒரு வாரம் தேவைக்கு மேல் விளைகின்றது. அடுத்த மாதம் ஒன்றும் இல்லை. நமக்கு வேண்டியது பெரிய நிலமன்று, முறையான கணக்கு.

நான்கு பாத்திக் கணக்கு

கீரை, கங்கோங் ஆகியவை விதைத்த ஏறத்தாழ நான்கு வாரங்களில் பறிப்புக்கு வரும். எனவே, நிர்வாகத்தாரின் இசைவு பெற்ற இடத்தில், மூன்றடி அகலமுள்ள நான்கு சிறு பாத்திகளை அமைப்போம். வாரம் ஒரு பாத்தியில் மட்டும் விதைப்போம். நான்காம் பாத்தியில் விதைத்த மறு வாரம் முதற் பாத்தி பறிப்புக்கு ஆயத்தமாகி விடும். பறித்த இடத்தில் மக்கிய எருவிட்டு மீண்டும் விதைத்தால், வாரந்தோறும் கீரை கிடைத்துக்கொண்டே இருக்கும்.

மழைக்கு முன் ஆயத்தம்

'ஆடிப் பட்டம் தேடி விதை' என்பது நம் முன்னோர் மொழி. இந்நாட்டின் பருவமழைக்கும் அது பொருந்துகின்றது. ஆடியில் கத்தரியும் மிளகாயும் நாற்று விட்டால், மழை மிகும் கார்த்திகைக்குள் செடிகள் வேரூன்றிக் காய்க்கத் தொடங்கும். பாத்திகளை ஓரடி உயர்த்தி, இடையே வடிகால் வெட்ட வேண்டும். கீரைப் பாத்தியின் மேல் ஒளி புகும் பிளாஸ்டிக் விரிப்பைக் கட்டினால் மழை அடித்துச் சாய்க்காது. பாத்தி கைவிட்டாலும் முருங்கை கைவிடாது. வேலியோரம் ஒரு போத்து நட்டால் போதும். சர்க்கரைவள்ளியின் இளந்தளிரும் நல்ல கீரையே. மரவள்ளி இலையை மட்டும் நன்கு வேக வைத்தே உண்ண வேண்டும்.

இலையுதிர் காலத்தில் வறட்சி தாக்கும். அப்போது காய்ந்த புல்லைச் செடிகளின் அடியில் பரப்பினால் ஈரம் காயாது. அரிசி கழுவிய நீரையும் வீணாக்காமல் ஊற்றலாம். ஆனால், களைக்கொல்லி இருந்த கலனில் ஒருபோதும் நீர் மொள்ளக் கூடாது. கழுவினாலும் நஞ்சு எஞ்சியிருக்கக்கூடும்.

பழங்கள்

டுரியானும் ரம்புத்தானும் பருவத்திற்கு மட்டுமே வரும். வாழையும் பப்பாளியும் ஆண்டு முழுவதும் பயன் தரும். வாழைத் தூரில் எல்லாக் கன்றுகளையும் வளர விடாமல் தாய், மகள், பேத்தி என வயது வேறுபட்ட மூன்றை மட்டும் விட்டால், குலைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளும். பப்பாளி நட்ட எட்டு, ஒன்பது மாதங்களில் பழம் தரத் தொடங்கும். ஆண்டுக்கொரு புதுக் கன்று நட்டு வந்தால், பழைய மரம் தளரும்போது இளமரம் கைகொடுக்கும்.

ஒரே வீட்டார் எல்லாவற்றையும் பயிரிட வேண்டியதில்லை. ஒரு லயத்தில் ஐந்து குடும்பத்தார் கூடிப் பேசி, ஒருவர் பயற்றங்காய், ஒருவர் வெண்டை, ஒருவர் கத்தரி எனப் பிரித்துப் பயிரிட்டுப் பகிர்ந்துகொள்ளலாம். மிஞ்சிய பாகற்காயையும் மிளகாயையும் வெயில் நாளில் வற்றலாக்கி வைத்தால் மழை நாளுக்கு உதவும்.

மழை நம் கட்டுப்பாட்டில் இல்லை. மரம் தரும் பாலும் அவ்வாறே. ஆனால் எந்த வாரம் எதை விதைப்பது என்பது நம் கையில் இருக்கின்றது. இந்த வாரமே முதற் பாத்தியைக் கொத்துவோம்.