பெட்டியில் புழு சாகிறது, சந்தையில் விலை சரிகிறது

கேள்வி: ரப்பர் தோட்டங்களில் 35 தேனீப் பெட்டி வைத்திருக்கிறேன். எல்லாம் இந்தியத் தேனீதான், அப்பா காலத்திலிருந்து நடக்கிற தொழில். போன பருவத்தில் வியாபாரி கிலோவுக்கு 140 ரூபாய்க்கு மேல் தர மாட்டேன் என்றுவிட்டார். இப்போது ஆறு பெட்டிகளில் புழுக்கள் அறைக்குள்ளேயே செத்துக் கிடக்கின்றன. ஈயும் குறைந்துகொண்டே வருகிறது. ஆன்டிபயாடிக் பொடியைச் சீனிப்பாகில் கலந்து வைத்தால் சரியாகிவிடும் என்கிறார் பக்கத்துத் தோட்டத்துக்காரர். பேசாமல் இத்தாலியத் தேனீக்கு மாறிவிடு என்கிறார் இன்னொருவர். கிடைக்கிற விலைக்கு இத்தனை பாடு தேவையா என்றும் தோன்றுகிறது. என்ன செய்யட்டும் ஐயா?
— வாசகர், குலசேகரம்

பதில்: விலையைப் பிறகு பார்ப்போம். முதல் வேலையாக, அந்த ஆறு பெட்டிகளிலிருந்து ஒரு சட்டத்தைக்கூட நல்ல பெட்டிக்கு மாற்றாதீர்கள். நல்ல பெட்டிகளைப் பார்த்து முடித்த பிறகே அந்த ஆறையும் திறவுங்கள். கத்தியையும் கையையும் சோப்புப் போட்டுக் கழுவாமல் அடுத்த பெட்டியைத் தொட வேண்டாம். நோயை ஒரு பெட்டியிலிருந்து இன்னொன்றுக்குச் சுமந்து போவதில் நம் கைக்கும் பங்கு உண்டு.

அடுத்து, நோய் என்னவென்று உறுதி செய்துகொள்ளுங்கள். ஒரு புழு அடையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நல்ல புழு முத்து வெள்ளையாக, அறையின் அடியில் சுருண்டு கிடக்கும். வளர்ந்து நீண்டதும் ஈக்கள் அறையை மெழுகால் மூடிவிடும். நோய் கண்ட அடையில் மூடிகளில் ஓட்டை விழுந்திருக்கும், அல்லது மூடியே இருக்காது. உள்ளே வளர்ந்த புழு நீட்டி மல்லாந்து, தலையைத் தூக்கியபடி செத்திருக்கும். சாமணத்தால் மெல்ல எடுத்தால் நீர் நிறைந்த பையாக வெளியே வரும். நாள்பட்டது பழுப்பேறி, படகு மாதிரி வளைந்த செதிலாகக் காய்ந்து எளிதாகப் பெயர்ந்துவிடும். நாற்றம் இருக்காது. இத்தனையும் ஒத்துவந்தால் அது தாய்லாந்து சாக்புரூட் வைரஸ். புளித்த வாடை அடித்து, சுருண்டு கிடக்கும் இளம் பருவத்திலேயே புழு மஞ்சளாகிச் சாகிறது என்றால் அது பாக்டீரியாவால் வரும் புழு அழுகலாக இருக்கலாம். சந்தேகம் இருந்தால் அடைத் துண்டோடு வேளாண் அறிவியல் நிலையத்துக்குப் போய்க் காட்டுங்கள்.

நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் வைரஸ் என்றுதான் நினைக்கிறேன். கூட்டுப்புழுவாகும் முன் கடைசித் தோலை உரிக்க முடியாமல், தோலுக்கும் உடலுக்கும் நடுவே நீர் கோத்து அந்தப் புழு சாகிறது. செத்ததை இழுத்து வெளியே போடுகிற இளம் ஈயின் வாய்வழியாக வைரஸ் ஏறி, புழுவுக்கு ஊட்டும் பாலைச் சுரக்கிற அதே சுரப்பியில் பெருகுகிறது. வீட்டைச் சுத்தமாக வைத்திருக்கும் ஈயே அடுத்த புழுவுக்கு நோயை ஊட்டிவிடுகிறது. வளர்ந்த ஈயின் உடலில் அடையாளம் எதுவும் தெரியாது. அதனால்தான் நாம் கவனிக்கும்போது பாதிக் கூட்டம் போயிருக்கிறது.

உங்கள் அப்பாவிடம் 1991, 1992-ஐப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். 1976-இல் தாய்லாந்தில் கண்டறியப்பட்டு, 1978-இல் மேகாலயா வழியாக நம் நாட்டில் தலைகாட்டிய நோய் அந்த ஆண்டுகளில் தெற்கே இறங்கியது. கேரளத்திலும் குமரி மாவட்டத்திலும் இந்தியத் தேனீக் கூட்டங்களில் 90 சதவீதத்துக்கும் மேல் அழிந்தன. மார்த்தாண்டம் பக்கம் வீட்டுக்கு வீடு காலிப் பெட்டிகள் அடுக்கிக் கிடந்தன. தொழில் மறுபடி எழுந்தது எந்த மருந்தாலும் அல்ல. சாகாமல் எஞ்சிய சில கூட்டங்களைத் தேடிப் பிடித்து, அவற்றைப் பிரித்துப் பிரித்துப் பெருக்கினார்கள். இன்று உங்களிடம் இருக்கும் ஈக்களும் அந்த வழியில் வந்தவையாகவே இருக்கும்.

ஆன்டிபயாடிக் வேண்டவே வேண்டாம். வைரஸை அது ஒன்றும் செய்யாது. தேனில் தங்கிவிடும் என்பது மட்டும் நிச்சயம். இத்தகைய எச்சங்கள் தொடர்பான கவலையால்தான் 2010-இல் ஐரோப்பிய ஒன்றியம் இந்தியத் தேனுக்குத் தடை போட்டது. அது நீங்க ஓராண்டுக்கு மேல் ஆனது. பக்கத்துத் தோட்டத்துக்காரர் நல்லெண்ணத்தில் சொல்லியிருப்பார். அவருக்கும் இதை எடுத்துச் சொல்லுங்கள், ஏனென்றால் உங்கள் ஈயும் அவர் ஈயும் ஒரே பூவுக்குத்தான் போகின்றன.

செய்யக்கூடியது இது. ஆறு பெட்டிகளிலும் செத்த புழு நிறைந்த அடைகளை எடுத்து எரித்துவிடுங்கள். மீதி அடைகளை ஈ நெருக்கமாக மூடியிருக்கும் அளவுக்குக் குறையுங்கள். ராணியைக் கூண்டில் அடைத்து மூன்று வாரம் முட்டையிட விடாமல் நிறுத்துங்கள். புதுப் புழு இல்லாவிட்டால் வைரஸுக்கும் இரை இல்லை. அதற்குள் இளம் ஈக்கள் அறைகளைத் துடைத்துவிடும். பிறகு, முடிந்தால் நோய் தொடாத பெட்டியில் வளர்ந்த ராணியைக் கொடுங்கள். ஒரு கை ஈ மட்டுமே மிச்சமிருக்கும் பெட்டியோடு மல்லுக்கட்டாதீர்கள். அது மற்ற பெட்டிகளுக்கு ஆபத்து.

இத்தாலியத் தேனீக்கு இந்த வைரஸ் பெரிய தொல்லை தருவதில்லை, தேனும் கூடுதலாகத் தரும், உண்மைதான். ஆனால் அதற்கு வர்ரோவா உண்ணி இருக்கிறது. பூ இருக்கும் இடம் தேடிப் பெட்டிகளை லாரியில் ஏற்றிக்கொண்டு அலைய வேண்டும், தீவனச் செலவும் அதிகம். வர்ரோவாவே நம் ஊர்த் தேனீயின் மேல் காலங்காலமாக இருந்த உண்ணிதான். நம் ஈ அதை உடம்பிலிருந்து தட்டிவிட்டுப் பிழைக்கக் கற்றிருக்கிறது, இத்தாலியத் தேனீ அந்த அளவுக்குக் கற்கவில்லை. உங்கள் இடத்தில் நானிருந்தால் மாறமாட்டேன்.

இனி விலை. வியாபாரி உங்கள் தேனைக் குறைத்து மதிப்பிடக் காரணங்கள் உண்டு. ரப்பர் தேன் பூவிலிருந்து வருவதில்லை. மாசி, பங்குனியில் புது இலை விடும்போது இலைக்காம்பு முனையில் சுரப்பது. ஏராளமாக வரும், நீர்த்து வரும், சீக்கிரம் உறையும். எல்லாரும் ஒரே மாதத்தில் பிழிந்து ஒரே வியாபாரி முன்னால் கொண்டுபோய் வைக்கிறோம். உணவுப் பாதுகாப்பு விதிப்படி தேனில் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. மூடாத அடையைப் பிழிந்தால் தாண்டிவிடும், வியாபாரி காய்ச்சித்தான் விற்க வேண்டியிருக்கும், அந்தச் செலவை உங்கள் தலையில் கட்டுவார். முக்கால் பங்கு அறையாவது மூடிய பிறகே பிழியுங்கள். அளவு கொஞ்சம் குறையும், பேரம் பேச வாய் வரும்.

நம் கையில் இல்லாத காரணமும் ஒன்று உண்டு. 2020 டிசம்பரில் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 13 பிராண்டு தேன்களை ஆய்வு செய்தபோது, கலப்படத்தைக் கண்டறிய ஜெர்மனியில் நடந்த என்எம்ஆர் சோதனையில் தேறியவை மூன்றுதான். சாதாரணச் சோதனைகளுக்குச் சிக்காத சர்க்கரைப்பாகைக் கலந்து விற்கும் சந்தையில் உண்மைத் தேனின் விலை அந்தப் பாகோடு போட்டியிடுகிறது. ஏற்றுமதியை நம்பியும் பெரிதாக எதிர்பார்க்க முடியாது. 2024 மார்ச்சில் அரசு குறைந்தபட்ச ஏற்றுமதி விலையாக டன்னுக்கு 2000 டாலர் நிர்ணயித்தது. அன்றைய மதிப்பில் கிலோவுக்கு 165 ரூபாய்தான் வருகிறது. உங்களுக்குக் கிடைத்த 140 எங்கிருந்து வந்தது என்று இப்போது புரியும்.

ஆகவே மொத்தத்தையும் வியாபாரிக்குக் கொடுக்காதீர்கள். ஒரு பெட்டி பத்து கிலோ தந்தால் 140 வீதம் 1400 ரூபாய். அதில் பாதியை உறையவைத்து, உங்கள் ஊர்ப் பெயரிட்டு, நேரடியாக 300-க்கு விற்றால் 2200. உறைந்தால் கலப்படம் என்று வாங்குபவர் கேட்பார். நல்ல தேனும் உறையும் என்று பொறுமையாகச் சொல்லுங்கள், ஒருமுறை நம்பியவர் ஆண்டுதோறும் வருவார்.

நோயும் விலையும் தனித்தனிப் பிரச்சினை என்று எனக்குத் தோன்றவில்லை. விலை குறைந்த வருடம் கடைசி அடைவரை பிழிந்துவிடுகிறோம். ஆனி முதல் புரட்டாசி வரை பூ இல்லாத மாதங்களில் சீனி வாங்கவும் கை வருவதில்லை. பட்டினி கிடந்த கூட்டத்தில்தான் இந்த நோய் முதலில் நுழைவதைப் பல தோட்டங்களில் பார்க்கிறேன். மேலறைத் தேனை எடுங்கள், கீழறையில் உள்ளதைத் தொடாதீர்கள். மழை மாதங்களில் வாரம் ஒருமுறை சமபங்கு சீனிப்பாகு வையுங்கள். ரப்பரில் மகரந்தம் கிடைக்காது என்பதால் பெட்டிகள் தென்னைக்கு அருகில் இருக்கட்டும். வேலியில் கொடிரோஜா படரவிடுங்கள். நேரடி விற்பனையில் கூடுதலாக வரும் 800 ரூபாயில் ஒரு பங்கை இந்தச் சீனிக்கென்று பருவத்திலேயே ஒதுக்கிவிடுங்கள்.

35 என்ற எண்ணிக்கைக்காக வெளியூரிலிருந்து கூட்டம் வாங்கி நிரப்ப வேண்டாம். அந்த ஆறு பெட்டிகளின் பக்கத்திலேயே இருந்தும் நோய் தொடாத பெட்டிகள் எவை என்று பார்த்து, இன்றே அவற்றின் மேல் சாயத்தால் அடையாளம் போடுங்கள். அடுத்த முறை கூட்டம் பிரிக்கும்போது அவற்றிலிருந்து மட்டும் பிரியுங்கள்.