கொள்ளிடத்தின் வடகரை

திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே முக்கொம்பு என்னும் இடத்தில் காவிரி இரண்டாகப் பிரிகின்றது. வடபால் ஓடும் கிளைக்குக் கொள்ளிடம் என்று பெயர். மிகுந்து வரும் வெள்ளத்தைக் கொள்ளும் இடமாதலின் அப்பெயர் பெற்றது என்பர். அவ்வாற்றின் வடகரையில், அரியலூர் மாவட்டத்தில் அமைந்துள்ளது திருமானூர். தஞ்சையிலிருந்து திருவையாற்றின் வழியாக அரியலூருக்குச் செல்வோர், கொள்ளிடப் பாலத்தைக் கடந்ததும் இவ்வூரை அடைவர்.

இவ்வட்டாரத்து மக்களிடம், "உங்கள் சொந்த ஊர் எது?" என்று வினவினால், தத்தம் ஊரின் பெயரைத் தயங்காமல் கூறுவர். ஆயினும், அவருள் பலருடைய முன்னோர் எங்கிருந்தோ வந்து இங்கே குடியேறியவரே. வந்தவர் யாவர்? எவ்வாறு இவ்வூரார் ஆயினர்? கல்வெட்டுகளும் செப்பேடுகளும் பழம்பாடல்களும் இதற்கு ஓரளவு விடை கூறுகின்றன.

திருமானூருக்கு மேற்கே, ஆற்றங்கரையில் திருமழபாடி உள்ளது. மூவர் பாடல் பெற்ற பழம்பதி அது. மழவர் என்போர் சங்க நூல்களிற் பேசப்படும் மறவீரர். பாடி என்பது படை தங்கும் இடம். மழவர் பாடி என்பதே மழபாடி என மருவிற்று என்பது அறிஞர் கருத்து. அவ்வாறாயின், இப்பகுதியின் பழம்பெயர்களுள் ஒன்றே, வந்து தங்கிய படையினரின் பெயராகும்.

இனி வடக்கே அரியலூர்ச் சாலையிற் செல்வோம். கீழப்பழுவூர், மேலப்பழுவூர், கீழையூர் என்னும் ஊர்கள் எதிர்ப்படும். பழு என்பது ஆலமரம். கீழப்பழுவூர் இறைவனுக்கும் ஆலந்துறையார் என்பதே பெயர். ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் இத்தலத்தைப் பாடிய பதிகத்தில், இங்கே இறைவனை ஏத்தும் அந்தணர்களை மலையாளர் என்று குறிக்கின்றார். மேற்கு மலைத்தொடருக்கு அப்பாலிருந்து வந்தோர் இக்கரையிலே வாழ்ந்தனர் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

பழுவூரை ஆண்ட குறுநில மன்னர் பழுவேட்டரையர். கல்கியின் 'பொன்னியின் செல்வன்' புதினத்தைப் படித்தோர், இப்பெயரைக் கேட்டவுடன் சூழ்ச்சி செய்யும் பெருந்தலைவர்களை நினைத்துக் கொள்வர். கதை வேறு, கல்வெட்டுக் காட்டும் பழுவேட்டரையர் வேறு. சோழருக்கு உற்ற துணையாய் நின்றவர் இவர். வெள்ளூரில் பாண்டியருக்கும் முதற் பராந்தக சோழனுக்கும் நிகழ்ந்த போரில், பழுவேட்டரையன் கண்டன் அமுதன் சோழர் பக்கம் நின்று பொருதான். கீழையூரில் ஒரே திருச்சுற்றினுள் அமைந்த இரட்டைக் கோயில்கள் இக்குடியினரின் பெருமைக்குச் சான்றாய் இன்றும் நிற்கின்றன.

சுந்தர சோழன் காலத்து அன்பிற் செப்பேடு, பழுவேட்டரையரைக் கேரள அரசர் என்றே கூறுகின்றது. அவர் மகளைப் பராந்தகன் மணந்தான். அவள் பெற்ற மகன் அரிஞ்சயன். அரிஞ்சயன் மகன் சுந்தர சோழன். அவன் மகனே முதல் இராசராசன். எனவே, 1010ஆம் ஆண்டில் தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டி முடித்த மாமன்னனின் பாட்டனாரைப் பெற்ற தாய், சேரநாட்டு வழிவந்த பழுவூர்ப் பெண்மணி! வந்தேறிய குடி சில தலைமுறைகளில் அரியணைக்கே உறவாயிற்று.

எல்லோருக்கும் இவ்வுறவு கிட்டியது என்று எண்ணிவிடலாகாது. அதே இராசராசனின் தஞ்சைக் கல்வெட்டுகள், ஊர்களின் நிலங்களைக் கணக்கிடும்பொழுது, ஊர் நத்தத்தை வேறாகவும், பறைச்சேரியையும் தீண்டாச்சேரியையும் வேறாகவும் எழுதுகின்றன. தொலைநாட்டாரைச் சம்பந்தியாக ஏற்ற சமுதாயம், தன் வயலில் தலைமுறை தலைமுறையாக உழைத்தவரை ஊர்ப்புறத்தே நிறுத்தியது. சோழநாட்டு நெல் யார் கையால் விளைந்ததோ, அவருக்குச் சோழநாட்டுக் கோயில் வாயில் அடைத்தே இருந்தது. சென்னை மாகாணத்து ஆலயப் பிரவேசச் சட்டம் நிறைவேறியது 1947ஆம் ஆண்டிலேதான். வெளியூரிலிருந்து வருவது ஒரு தொலைவு; சேரியிலிருந்து தெருவுக்கு வருவது மற்றொரு தொலைவு. இரண்டாவதே நெடியது.

பிற்காலத்தில் அரியலூர்ப் பாளையம் மழவராயர் ஆட்சியில் இருந்தது. கொள்ளிடத்தின் தென்கரையோ தஞ்சை மராட்டியருக்கு உரியது. ஆறு இவ்வாறு இரண்டு ஆட்சிகளுக்கு எல்லையாய் நின்றமை அஞ்சி ஓடுவோருக்கு நல்வாய்ப்பாயிற்று. 1701ஆம் ஆண்டில் தஞ்சை நாட்டுக் கிறித்தவர் பெருந்துன்பம் உற்றனர். ஆற்றைக் கடந்து வந்தவர்களுக்குத் திருமானூருக்குக் கிழக்கேயுள்ள ஏலாக்குறிச்சி புகலிடமாயிற்று. மழவராயர் அவர்களைத் துரத்தவில்லை; அங்கு எழுந்த கோயிலுக்கு நிலமும் அளித்தார்.

அவ்வேலாக்குறிச்சியைத் தம் பணிக்கு நிலைக்களனாகக் கொண்டவர் வீரமாமுனிவர். 1680ஆம் ஆண்டில் இத்தாலி நாட்டிற் பிறந்த இவருக்கு இயற்பெயர் கான்சுடன்டைன் சோசப் பெசுகி. 1710ஆம் ஆண்டில் இந்தியாவுக்கு வந்த இவர், தமிழைக் கசடறக் கற்றார். 'தேம்பாவணி' என்னும் காப்பியத்தை இயற்றினார். 1732ஆம் ஆண்டில் 'சதுரகராதி'யைத் தொகுத்தார். புகலடைந்தோரின் ஊராதலின் அங்கு எழுந்தருளிய அன்னைக்கு அடைக்கல மாதா என்று பெயரிட்டார். ஊரையும் திருக்காவலூர் என்று அழைத்து, அதன்மேல் ஒரு கலம்பகமும் பாடினார்.

மாணவர்களே! உங்கள் ஏட்டைத் திறந்து 'தெய்வம்' என்றும் 'தேன்' என்றும் எழுதிப் பாருங்கள். முதற்சொல்லில் வரும் கொம்பு ஒருவகை. இரண்டாவதில் வரும் சுழித்த கொம்பு வேறுவகை. முற்காலத்து ஏடுகளில் இவ்வேறுபாடு இல்லை. குற்றெழுத்தின்மேல் புள்ளி இடுவது இலக்கண விதி. ஓலையிற் புள்ளி குத்தினால் ஏடு கிழியுமாதலின், பலர் அதனை விட்டுவிடுவர். படிப்போர் இடம் நோக்கிப் பொருள் கொள்ளவேண்டும். நெட்டெழுத்துக்குக் கொம்பைச் சுழித்து எழுதும் முறையை வகுத்தவர் வீரமாமுனிவர் என்பர்.

வீரமாமுனிவர் தம் இறுதிக் காலத்தைத் திருக்காவலூரிற் கழிக்கவில்லை. பழுவூர்க்கு முன்னொரு காலத்தில் குடிகளை அனுப்பிய மலையாள நாட்டிலே, அம்பழக்காடு என்னும் ஊரில், 1747ஆம் ஆண்டில் அவர் உயிர் நீத்தார்.