ஏரியில் விராற் குஞ்சுகள்

திருநாவலூரைச் சுற்றியுள்ள ஏரிகள் ஐப்பசி, கார்த்திகை மழையால் நிரம்பிக் கோடையில் வற்றுவன. இவற்றில் வளர்க்கத்தக்க கட்லா, ரோகு முதலிய பெருங்கெண்டைகள் ஓடும் வெள்ளத்தில் முட்டையிடுபவை. தேங்கிய ஜலத்தில் தாமாகப் பெருகா. 1957-ல் ஹீராலால் சௌத்ரி என்பார் பிட்யூட்டரி சுரப்பியின் சாற்றை ஊசியால் செலுத்தி இவ்வினக் கெண்டைகளை முட்டையிடச் செய்தார். அம்முறையால் பண்ணைகளில் உண்டாகும் குஞ்சுகளை ஆண்டுதோறும் வாங்கி விடுதல் வேண்டும்.

விராலுக்கு அச்செலவில்லை; ருசியிலும் அதற்கே முதலிடம் என்பது நம் அபிப்பிராயம். அது கோரை மண்டிய கரையோரத்தில் தானே குஞ்சு பொரிக்கும். செந்நிறக் குஞ்சுகள் மந்தையாய் மேலே திரிய, பெரிய மீன்கள் கீழே காவல் நிற்கும். அச்சமயம் தவளை கோத்த தூண்டிலில் அவை எளிதில் சிக்கும். ஒரு வேளைக் குழம்போ கிடைக்கும். காவலற்ற மந்தை முழுதும் கொக்குக்கு இரையாகும். ஆகையால் செங்குஞ்சுகளைக் கண்டவிடத்துத் தூண்டில் இடலாகாது. கோடையிலும் மதகடிப் பள்ளத்தை வற்ற இறைத்துவிடாமல் முழங்கால் ஜலம் விட்டுவைக்க வேண்டும். விரால் மேலே வந்து காற்றைச் சுவாசிக்க வல்லதாதலால், அவ்வளவிலேயே அடுத்த மழைவரை உயிர் தரித்திருக்கும்.