கொழும்பில் நாடகம் பார்த்தல்
(நாடகமும் அரங்கியலும்)

மாணவர்களே! தொடர் விடுமுறையில் நண்பருடன் கொழும்பு சென்று நாடகம் பார்க்க வாய்ப்புக் கிடைப்பின் தவறவிடாதீர்கள். சிங்களம் தெரியாதே எனத் தயங்க வேண்டாம். அவ்வரங்கு எமக்கு அந்நியமானதன்று.

1. டவர் மண்டபம், மருதானை (1911)
நூர்த்தி நாடகங்கள் புகழ்பெற்ற இடம். நூர்த்தியும் எமது இசைநாடகமும் பார்சி நாடகக் குழுக்களின் செல்வாக்கால் வளர்ந்தவை.

2. லயனல் வென்ட் அரங்கு (1953)
பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திரவின் 'மனமே' 1956 இல் இங்கு முதன்முதலாக மேடையேறியது. அது தழுவிய 'நாடகம' மரபு தமிழ்க் கூத்துடன் நெருங்கிய உறவுடையது. அதில் வரும் எடுத்துரைஞரான 'பொத்தே குரு'வை எமது அண்ணாவியாருடன் ஒப்பிடலாம். 'மனமே' தந்த ஊக்கத்தால் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பேராதனையில் கூத்தைச் செம்மைப்படுத்தி மேடையேற்றினார்.

செயற்பாடு: இருவரும் பணியைப் பகிர்ந்துகொள்க. ஒருவர் ஆட்டத்தையும் இசையையும், மற்றவர் வேடஉடை, ஒளி, காட்சியமைப்பு என்பவற்றையும் அவதானிக்க. அன்றிரவே கலந்துரையாடிக் குறிப்பெழுதுக.

கவனிக்க: கதைச் சுருக்கம் நாடக விமர்சனம் ஆகாது. மொழி விளங்காத நாடகத்தில் கண்ணும் காதும் கூர்மையாகும். விமர்சனத்துக்கு அதுவே சிறந்த பயிற்சி.

வினா: 'மனமே' நாடகத்திற்கும் ஈழத்துக் கூத்து மரபுக்கும் இடையிலான தொடர்பை விளக்குக.