நட்பு விசிப்பலகை

ஆப்பிரிக்காக் கண்டத்தின் தென்பகுதியில் ஜிம்பாப்வே என்னும் நாடு உள்ளது. அதன் தலைநகர் ஹராரே. அந்நகரின் பழைய குடியிருப்புகளுள் ஒன்று ம்பாரே. வெளியூர்ப் பேருந்துகள் வந்து கூடும் நிலையமும், காய்கறி முதல் பழந்துணி வரை விலைபோகும் பெருஞ்சந்தையும் அங்கே உண்டு. நெருக்கமான வீடுகள், அன்றாடம் உழைத்து உண்ணும் மக்கள். இத்தகைய பகுதிகளில் உள்ள மருத்துவ நிலையங்களின் வெளிமுற்றத்தில், மரநிழலில், விசிப்பலகைகள் இடப்பட்டிருக்கும். பலகையில் ஒரு பாட்டி அமர்ந்திருப்பார். அருகில் ஒருவர் தம் துயரைச் சொல்லிக்கொண்டிருப்பார். வழியே செல்வோர் இதனை ஊர்ப்பேச்சு என்றே எண்ணுவர். ஆயினும் இது முறையாகப் பயின்று செய்யப்படும் ஒரு மருத்துவமே ஆகும்.

இதனைத் தொடங்கியவர் டிக்சன் சிபாண்டா என்னும் மனநோய் மருத்துவர். ஒரு கோடிக்கு மேற்பட்ட மக்கள் வாழும் அந்நாட்டில் மனநோய் மருத்துவர்கள் விரல்விட்டு எண்ணத் தக்கவர்களாகவே இருந்தனர். 2005ஆம் ஆண்டு அவரிடம் மருத்துவம் பெற்றுவந்த இளம்பெண் ஒருத்தி தன்னுயிரைத் தானே மாய்த்துக்கொண்டாள். மகளை மருத்துவமனைக்கு ஏன் அழைத்து வரவில்லை என்று அவர் அவளுடைய தாயிடம் வினவினார். பேருந்துக் கட்டணமாகிய 15 டாலர் தம்மிடம் இல்லை என்றார் தாய். இவ்விடை சிபாண்டாவின் உள்ளத்தில் முள்ளாய்த் தைத்தது. நோயாளி தம்மைத் தேடி வருவார் என்று மருத்துவமனையில் காத்திருப்பதில் பொருளில்லை என்பதனை அவர் உணர்ந்தார்.

அதே ஆண்டில் அந்நாட்டு அரசு நகர்ப்புறக் குடிசைகளையும் சிறு கடைகளையும் இடித்துத் தள்ளியது. ஏறக்குறைய 7,00,000 மக்கள் வீட்டையோ பிழைப்பையோ இரண்டையுமோ இழந்தனர் என்று ஐக்கிய நாடுகள் அவை மதிப்பிட்டது. மக்களின் மனத்துயர் மிகுந்தது. அதனைத் தீர்க்கச் சிபாண்டா முன்வந்தபோது, அவருக்குத் தர மருத்துவ நிலையங்களில் ஓர் அறையும் இல்லை. செவிலியர் ஒருவரும் இல்லை. கிடைத்தவை வெளிமுற்றமும், ஊர்நலப் பணி செய்துவந்த 14 பாட்டிமாருமே. உயர்கல்வி பெறாத முதியவர்களைக் கொண்டு மனநோயைத் தீர்ப்பதா என்று பலரும் ஐயுற்றனர். அவருக்கே முதலில் அவ்வையம் இருந்தது. எனினும் 2006ஆம் ஆண்டில் பணி தொடங்கிற்று.

சிபாண்டா பாட்டிமாருக்குக் கற்பித்தார் என்பது பாதி உண்மையே. அவரும் அவர்களிடம் கற்றார். இருக்கைக்கு அவர் முதலில் வைத்த பெயர் 'மனநல விசிப்பலகை'. அப்பெயரைக் கேட்டால் ஒருவரும் அருகில் வந்து அமரமாட்டார் என்றனர் பாட்டிமார். பித்துப் பிடித்தவர் என்னும் பழிச்சொல்லுக்கு அஞ்சாதார் யார்? அவர்களது அறிவுரைப்படி அது 'நட்பு விசிப்பலகை' ஆயிற்று. நோயின் பெயரும் அவ்வாறே மாறியது. மருத்துவ நூலில் வழங்கும் அயற்சொல்லை விடுத்து, ஷோனா மொழியில் மக்கள் வழங்கும் 'குஃபுங்கிசிசா' என்னும் சொல்லையே அவர்கள் ஆண்டனர். ஒன்றையே மிகுதியாக எண்ணி எண்ணி உழலுதல் என்பது அதன் பொருள். படித்த மருத்துவர் ஒருவர் தாம் வைத்த பெயரைப் படியாத முதியவர் சொற்கேட்டு மாற்றிக்கொள்வது எளிதன்று. சிபாண்டாவின் தலைமைக்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

பலகையில் நிகழ்வது என்ன? நிலையத்திற்கு வருவோரிடம் முதலில் 14 வினாக்கள் கேட்கப்படும். உறக்கம் உண்டா, அழுகை வருகிறதா, வாழ்வில் வெறுப்புத் தோன்றுகிறதா என்பன போன்றவை அவை. துயர் மிகுந்தோர் பாட்டியிடம் அனுப்பப்படுவர். பாட்டி முதலில் மனத்தைத் திறக்கச் செய்கிறார். குறுக்கே பேசாமல் கேட்கிறார். ஒரு பெண்ணுக்குக் கடன் தொல்லை, கணவனின் குடிப்பழக்கம், பிள்ளையின் பள்ளிக் கட்டணம் எனப் பல துன்பங்கள் இருக்கலாம். யாவற்றையும் ஒருங்கே தீர்க்க இயலாது. ஆகவே, "இவற்றுள் எதனை முதலில் எடுத்துக்கொள்வோம்?" என்று பாட்டி வினவுவார். அப்பெண் பள்ளிக் கட்டணத்தைத் தேர்ந்தால், தலைமையாசிரியரைக் கண்டு தவணை கேட்பது போன்ற சிறு செயலொன்றை இருவரும் ஆய்ந்து காண்பர். வழியைப் பாட்டி விதிப்பதில்லை. துன்புறுபவரே அதனைக் கண்டறியத் துணைநிற்கிறார். அறிவுரை கூறியே பழகிய முதியவர்க்கு இப்பயிற்சியில் இதுவே மிகக் கடினமான பாடமாக இருந்திருக்கும்! அடுத்த சந்திப்பில், செய்தது பலித்ததா என்று பார்த்து, மேலே செல்வர். இவ்வாறு ஆறு முறை வரை சந்திப்பு நிகழும்.

இதனால் பயன் உண்டா என்பதனை ஆராய்ச்சியால் நிறுவ வேண்டும் என்று சிபாண்டாவும் அவர்தம் குழுவினரும் கருதினர். ஹராரேயைச் சார்ந்த 24 மருத்துவ நிலையங்களில் 573 பேரைக் கொண்டு ஆய்வு நடந்தது. ஒரு சாரார்க்கு வழக்கமான செவிலியர் கவனிப்பு. மற்றொரு சாரார்க்குப் பாட்டியின் விசிப்பலகை. ஆறு திங்கள் கழித்துப் பார்த்தபோது, முதற்சாராருள் ஏறக்குறையப் பாதிப்பேர் மனச்சோர்வு நீங்காதிருந்தனர். பலகையில் அமர்ந்தோருள் அவ்வாறு இருந்தோர் நூற்றுக்கு 14 பேரே. இம்முடிவு 2016ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஆய்விதழில் வெளிவந்தது.

கடுமையான மனநோய்க்கு இம்முறை போதியதன்று. உயிரை விட எண்ணுவோரையும், தன்னிலை அழிந்தோரையும் பாட்டிமார் தாமே வைத்துக்கொள்ளாமல் செவிலியரிடமும் மருத்துவரிடமும் அனுப்புகின்றனர். தம் எல்லையை அறிந்திருத்தலும் அவர்கள் பெற்ற பயிற்சியின் ஒரு பகுதியே.

துயர் தணிந்தோர் பின்னர் ஒரு குழுவாகக் கூடுகின்றனர். 'கைகோத்து ஒன்றாதல்' என்பது அக்குழுவின் ஷோனாப் பெயரின் பொருள். பயன்படுத்தி எறிந்த பிளாஸ்டிக்கைக் கொண்டு அவர்கள் கைப்பைகள் பின்னுகின்றனர். பின்னும் கை ஓயாதிருக்க, பேச்சும் தொடர்கிறது. விற்ற காசு வீட்டுச் செலவிற்கு உதவுகிறது. விசிப்பலகை பின்பு மலாவி நாட்டிற்கும் சான்சிபார் தீவிற்கும் சென்றது. செல்வம் மிக்க நியூயார்க் நகரமும் தன் தெருக்களில் அதனை இட்டது. ஆனால், அங்கே அமர்ந்தோர் பாட்டிமார் மட்டும் அல்லர். மனத்துயரில் வீழ்ந்து எழுந்த ஆடவரும் பெண்டிருமாகப் பல வயதினர் அப்பணியை ஏற்றனர்.